பிரேக்கை மிதித்தால் டாஷ்போர்டு மினுங்குகிறது: பழைய எம்எக்ஸ்-5 காரின் பிரேக் லைட் கோளாறு

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது 1992 ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர், அதாவது ஜப்பானில் அந்தப் பெயரில் விற்ற மஸ்தா எம்எக்ஸ்-5. இறக்குமதியாகி இங்கிலாந்து வந்த கார். லெஸ்டரில் வைத்து ஓட்டுகிறீர்கள். பிரேக்கை மிதித்தால் வலப்பக்க விளக்கும் டிக்கி மூடியில் உள்ள மூன்றாவது விளக்கும் நன்றாக எரிகின்றன, இடப்பக்கம் மட்டும் மங்கலாக எரிகிறது. பல்பை இரண்டு தடவை மாற்றியும் பயனில்லை. எந்த விளக்கும் போடாத நேரத்தில் பிரேக்கை மிதித்தால் டாஷ்போர்டில் லேசாக ஒரு வெளிச்சம் மினுங்குகிறது. இதற்கிடையில் இரண்டு நாள் காலையில் பேட்டரி முழுதாக இறங்கிக் கிடந்திருக்கிறது. கராஜில் பின்பக்க வயரிங் செட்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். நீங்கள் பெடல் சுவிட்ச் (பிரேக்கை மிதித்ததும் விளக்கை எரியவிடும் சுவிட்ச்) ஒன்றை ஆர்டர் போட்டிருக்கிறீர்கள். இன்னும் இரண்டு வாரத்தில் எம்ஓடி, அதாவது இங்கிலாந்தில் கார்களுக்கு வருடாவருடம் நடக்கும் தகுதிச் சோதனை. "சுவிட்சை மாற்றினால் போதுமா, வயரிங்கை மாற்றத்தான் வேண்டுமா?" என்பது உங்கள் கேள்வி.

மங்கலாக எரியும் இடப்பக்க விளக்குக்கு இரண்டுமே தேவையில்லை. நீங்கள் சொன்ன அடையாளங்கள் இடப்பக்கத்தில் எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் இணைப்பு, போயிருப்பதைக் காட்டுகின்றன. இதை உறுதியாகவே சொல்கிறேன். பேட்டரி இறங்குவது வேறு கோளாறாக இருக்கலாம். அதற்குப் பெடல் சுவிட்ச் காரணமாக இருக்க இடமுண்டு, ஆனால் காரைப் பார்க்காமல் அதை அடித்துச் சொல்ல மாட்டேன். நான் கோயம்புத்தூரில் லாரி, பஸ் வயரிங் கடையில் தொழில் பழகியவன். கடந்த பதினான்கு வருடமாக பர்மிங்காம் பக்கத்தில் கார் எலக்ட்ரிக்கல் வேலை மட்டும் பார்க்கிறேன். இந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 வண்டிகள் நிறையவே கைக்கு வந்திருக்கின்றன.

இந்தக் காரில் பிரேக் லைட்டுக்கான பாதை மிகச் சின்னது. பேட்டரியில் இருந்து ஸ்டாப் என்று எழுதிய ஃபியூஸ், அங்கிருந்து பெடலுக்கு மேலே உள்ள சுவிட்ச், சுவிட்சில் இருந்து ஒரே வயர் பின்பக்கம் போய் மூன்றாகப் பிரிந்து மூன்று விளக்குக்கும் போகிறது. பல்பைத் தாண்டிய கரண்ட் காரின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. நடுவில் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. மூன்றில் இரண்டு விளக்கு முழு வெளிச்சத்தில் எரிகிறது என்றால், வயர் பிரியும் இடம் வரைக்கும் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று அர்த்தம். ஃபியூஸ், சுவிட்ச், முன்னிருந்து பின்னே வரும் வயர் மூன்றையும் இந்த மங்கலுக்காகச் சந்தேகிக்க வேண்டாம். மூன்றும் எரியாமல் போயிருந்தால்தான் அந்தப் பக்கம் தேடியிருப்பேன்.

இனி டாஷ்போர்டு ஏன் மினுங்குகிறது என்று பார்ப்போம், முழு விடையும் அதில்தான் இருக்கிறது. பின்பக்க பல்பில் இரண்டு இழைகள் உண்டு: பார்க்கிங் விளக்குக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். இரண்டுக்கும் கரண்ட் தனித்தனி வழியில் வரும், ஆனால் எர்த் ஒன்றுதான், அந்தப் பித்தளை உடம்பு. அந்த எர்த் அறுந்துவிட்டது என்று வையுங்கள். பிரேக்கை மிதித்ததும் 21 வாட் இழைக்குள் வரும் கரண்ட் கீழே இறங்க வழியில்லாமல், அதே பல்பில் உள்ள 5 வாட் இழைக்குள் பின்பக்கமாக ஏறுகிறது. அதன் வழியே பார்க்கிங் லைட் வயருக்குப் போய், அங்கே சேர்ந்திருக்கும் முன்பக்கச் சிறு விளக்குகள், நம்பர் பிளேட் விளக்கு, டாஷ்போர்டு விளக்கு எல்லாவற்றின் வழியாகவும் எர்த்தைத் தேடிக்கொள்கிறது. பல விளக்குகள் சேர்ந்து பங்கிட்டுக்கொள்வதால் அவை லேசாகத்தான் மினுங்கும். பின்பக்க பல்பில் 21 வாட் இழை சிவக்கக்கூடச் சிவக்காது. 5 வாட் இழைதான் எரியும். நீங்கள் மங்கலான பிரேக் வெளிச்சம் என்று பார்ப்பது பார்க்கிங் இழையின் வெளிச்சம். எத்தனை புது பல்பு போட்டாலும் இப்படித்தான் எரியும்.

இதை உறுதிசெய்ய ஒரு காசும் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. சாயங்காலம் காரின் பின்பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தி, பார்க்கிங் லைட்டைப் போடுங்கள். இடப்பக்கம் ஏறக்குறைய சரியாகவே எரியும். இப்போது பிரேக்கை மிதியுங்கள். எர்த் போயிருந்தால் இடப்பக்க விளக்கு பிரகாசமாவதற்குப் பதிலாக அணைந்துவிடும். 5 வாட் இழையின் இரண்டு முனையிலும் இப்போது 12 வோல்ட்டே இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் தண்ணீர் நின்றால் வாய்க்கால் ஓடாது, அதுபோலத்தான். மிதித்ததும் அணைந்தால் எர்த் என்று முடிவுகட்டலாம். அணையவில்லை, கூடவும் இல்லை, இருந்தபடியே எரிகிறது என்றால், இடப்பக்கத்துக்கு வரும் பிரேக் வயரே பிரிந்த இடத்துக்குப் பிறகு அறுந்திருக்கிறது. ஆனால் அப்படியிருந்தால் டாஷ்போர்டு மினுங்கியிருக்காது, விளக்குப் போடாத நேரத்தில் இடப்பக்கம் மங்கலாகக்கூட எரிந்திருக்காது. அதனால் அணையும் என்றுதான் எதிர்பார்க்கிறேன்.

இன்னொரு சாத்தியத்தையும் சொல்லிவிட வேண்டும், நீங்கள் பல்பை மாற்றியதாக எழுதியிருப்பதால். அடியில் ஒரே புள்ளி உள்ள ஒற்றை இழை பல்பை இந்த ஹோல்டரில் அழுத்தித் திருகி மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. அந்த ஒரு புள்ளி ஹோல்டரின் இரண்டு காண்டாக்டையும் ஒன்றாகத் தொட்டு, பிரேக் வயரையும் பார்க்கிங் வயரையும் சேர்த்துவிடும். அப்போதும் பிரேக் மிதித்தால் டாஷ்போர்டு எரியும், ஆனால் லேசாக அல்ல, நன்றாகவே எரியும். பார்க்கிங் லைட் போட்டால் மூன்று பிரேக் விளக்கும் எரிந்துகொண்டே நிற்கும். பல்பைக் கழற்றி அடியைப் பாருங்கள்: இரண்டு ஈயப் புள்ளி இருக்க வேண்டும், பக்கவாட்டில் உள்ள இரண்டு முளைகளில் ஒன்று மேலே, ஒன்று கீழே இருக்க வேண்டும். முளைகள் ஏறுமாறாக வைத்திருப்பதே பல்பைத் திருப்பிப் போட முடியாமல் செய்வதற்குத்தான். பலத்தைக் காட்டி மாற்றிப் போட்டால் பார்க்கிங் இழையும் பிரேக் இழையும் இடம் மாறிவிடும்.

சரி, எர்த் எந்த இடத்தில் போயிருக்கும்? டிக்கி உள்பக்கத் துணியை விலக்கி, இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டுப் பாருங்கள். ரிவர்ஸ் கியரும் போட்டுப் பாருங்கள். அந்தப் பக்கத்தில் எல்லாமே கோணல்மாணலாக நடந்தால், இண்டிகேட்டர் அடிக்கும்போது சிவப்பு விளக்கும் சேர்ந்து துடித்தால், மொத்த விளக்குக்கும் பொதுவான எர்த் வயரில் கோளாறு. இண்டிகேட்டர் ஒழுங்காக அடித்து, பிரேக் பல்பு மட்டும் தகராறு செய்தால், அந்த ஒரு ஹோல்டருக்குள் பல்பின் உடம்பைத் தொடும் தகடு துருவேறியிருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது. தேட வேண்டிய இடம் இந்த ஒரு சோதனையிலேயே பாதியாகக் குறைந்துவிடும்.

பொது எர்த் என்றால், உங்கள் காரில் நான் முதலில் கை வைக்கும் இடம் பின்பக்க ஃபாக் லைட், அதாவது மூடுபனி விளக்கு. இங்கிலாந்தில் 1980 ஏப்ரல் 1 முதல் சாலைக்கு வந்த கார்களுக்குப் பின்பக்க ஃபாக் லைட் கட்டாயம். ஜப்பானில் கட்டாயமில்லை என்பதால் யூனோஸ் கார்களில் அது கிடையாது. இறக்குமதி செய்தவர்கள் இங்கே வந்த பிறகு பம்பருக்கு அடியில் ஒன்றை மாட்டினார்கள். விளக்கு நடுவிலோ வலப்பக்கமோ இருக்கும். ஆனால் அதற்கான வயரை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது வேலை பார்த்தவரின் கைவாக்கைப் பொறுத்தது. டிக்கியில் வலப்பக்கத்தைப் பேட்டரி அடைத்துக்கொண்டிருப்பதால் கை போக வசதியான இடப்பக்க வயரைத் தொட்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நீலமோ சிவப்போ நிறத்தில், கடித்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் கிளிப் ஒன்று வயரின் மேல் உட்கார்ந்திருக்கும். ஸ்காட்ச்லாக் என்பார்கள். உள்ளே ஒரு தகடு, வயரின் மேலுறையை வெட்டிக்கொண்டு இறங்கிச் செம்பைத் தொடும். இறங்கும்போது செம்பு நூல்களில் சிலவற்றையும் வெட்டிவிடும். வெட்டிய இடத்தில் முப்பது வருடத்து ஈரம் போய்ச் சேர்ந்திருக்கும். பழைய செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறுகிற மாதிரி உள்ளே பச்சை பூத்திருக்கும். பாத்திரம் என்றால் புளி போட்டுத் துலக்கிவிடலாம், வயரை அப்படிச் செய்ய முடியாது. அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டியதுதான். தொண்ணூறுகளில் மாட்டிய அலாரம், இம்மொபிலைசர் (திருடர்கள் காரைக் கிளப்ப முடியாமல் தடுக்கும் கருவி) இருந்தால் அங்கேயும் இதே கிளிப்புகள் இருக்கும். இண்டிகேட்டர் மினுக்குவதற்காகப் பின்பக்க வயரில் கடித்திருப்பார்கள்.

ஃபாக் லைட் வயரில் ஒன்றுமில்லை என்றால் ஈரம் எப்படி வந்தது என்று பாருங்கள். இந்தக் காரில் மடிக்கும் துணிக்கூரையின் தண்ணீர் பக்கவாட்டு வடிகால் துளை வழியாகக் கீழே இறங்க வேண்டும். இலை, தூசி சேர்ந்து துளை அடைத்தால் தண்ணீர் உள்ளே தங்கும். பின்பக்க விளக்கின் ரப்பர் கேஸ்கெட் காய்ந்துபோனால் அந்த வழியாகவும் டிக்கிக்குள் கசியும். டிக்கிப் பாயைத் தூக்கி அடியில் கை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதோடு பேட்டரியையும் பாருங்கள். மஸ்தா இந்த காருக்குக் கொடுத்தது அமிலம் சிந்தாத, வாயு வெளியேற ரப்பர் குழாய் வைத்த சிறிய பேட்டரி. விலை குறைவு என்று சாதாரண பேட்டரியைக் குழாய் இல்லாமல் வைத்திருந்தால், அமில ஆவி டிக்கிக்குள்ளேயே சுற்றி, எர்த் திருகையும் பாடித் தகட்டையும் அரித்திருக்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்த மாவு படிந்திருந்தால் அந்தப் பேட்டரியை வைத்துக்கொண்டு வயரிங் வேலை பார்ப்பது வீண்.

அடுத்து மீட்டர். மல்டிமீட்டர் வைத்து 12 வோல்ட் வருவதாகப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பி அடுத்த முடிவுக்குப் போக வேண்டாம். பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் தொழில் பழகிய காலத்தில் ஒரு வேன் வந்தது. பின்பக்க பிரேக் விளக்கு எரியவில்லை. ஹோல்டரில் மீட்டர் வைத்தால் 12.3 வோல்ட். பல்பை மாற்றினேன், ஹோல்டரை மாற்றினேன், எர்த்துக்கு நேராகப் பேட்டரியில் இருந்தே ஒரு வயர் இழுத்தேன், எரியவில்லை. எங்கள் மேஸ்திரி வந்து, 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் வைத்து ஈயம் வைத்த அவருடைய டெஸ்ட் லேம்ப்பை அந்த வயரில் தொட்டார். பல்பு இருட்டாகவே இருந்தது. வயரை விரலுக்கு இடையில் பிடித்துக்கொண்டு முன்பக்கம் நோக்கி நகர்த்திக்கொண்டே போனார். மட்கார்டுக்கு மேலே ஒரு இடத்தில் நிறுத்தி, "இங்க வளைச்சுப் பாரு" என்றார். மேலுறையில் கீறல்கூட இல்லை, ஆனால் அந்த இரண்டு அங்குலம் மட்டும் நூல்கயிறு மாதிரித் துவண்டது. பிளேடால் கீறினார். உள்ளே பச்சைப் பொடி. பொடியை ஊதினதும் முடி மாதிரி ஒரே ஒரு செம்பு நூல் தெரிந்தது.

மீட்டருக்கு அந்த ஒரு நூல் போதும். மீட்டர் இழுக்கும் கரண்ட் கணக்கில் சேராத அளவு சிறியது, அதனால் முழு வோல்ட்டையும் காட்டிவிடும். 21 வாட் பல்பு கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் கேட்கிறது. அதை அந்த நூலால் தர முடியாது. சுமை இல்லாமல் பார்த்த வோல்ட் எனக்கு எதையும் நிரூபிப்பதில்லை. நீங்களும் ஒரு டெஸ்ட் லேம்ப் செய்துகொள்ளுங்கள். அதே 21 வாட் பல்பு, இரண்டு வயர், ஒரு முனையில் முதலைக் கிளிப், மறுமுனையில் கூர்முனை. கிளிப்பைப் பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறுமுனையை ஹோல்டரின் பிரேக் காண்டாக்டில் வைத்து, யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். முழு வெளிச்சத்தில் எரிந்தால் வரும் வழி நல்ல வழி. அடுத்து கிளிப்பைப் பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, கூர்முனையை ஹோல்டரின் எர்த் தகட்டில் வையுங்கள். அங்கே மங்கினாலோ எரியாவிட்டாலோ போகும் வழி கெட்ட வழி. கூர்முனை தவறிப் பாடியில் பட்டாலும் பல்பு எரியும், அவ்வளவுதான்.

உங்கள் காரில் பேட்டரி டிக்கியிலேயே இருப்பது பெரிய வசதி. மற்ற கார்களில் இந்தச் சோதனைக்கு முன்னிருந்து பின்வரை நீளமான வயர் இழுக்க வேண்டியிருக்கும். மீட்டரையும் இங்கே சரியான முறையில் பயன்படுத்தலாம். பல்பு ஹோல்டரில் இருக்க, பிரேக் மிதித்தபடி இருக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையைப் பல்பின் பித்தளை உடம்பிலும் வையுங்கள். நல்ல எர்த் என்றால் 0.1, மிஞ்சினால் 0.2 வோல்ட் காட்டும். 1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அத்தனையும் வழியில் வீணாகிறது. பேட்டரி நெகட்டிவில் இருந்த முனையை எர்த் திருகுக்கும், பிறகு பிளக்குக்கும் நகர்த்திக்கொண்டே வந்தால், எந்த இடத்தைத் தாண்டியதும் வோல்ட் விழுகிறதோ அதுதான் கெட்ட இடம். பிரேக் மிதிக்க ஆள் இல்லை என்றால், சீட்டை முன்னே தள்ளி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை வோல்ட் குறைவது பெரிய விஷயமா என்று தோன்றலாம். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட் குறையும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 10.5 வந்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். உங்கள் கார் உயரம் குறைந்தது, பின்னால் வரும் வேன் டிரைவர் மேலிருந்து பார்க்கிறார். அவர் கண்ணில் படுவது அந்த இரண்டு சிவப்புப் புள்ளிதான்.

சரிசெய்வது ஒரு பிற்பகல் வேலை. முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். எர்த் திருகைக் கழற்றி, வளையத்தையும் அதற்கு அடியில் உள்ள தகட்டையும் உப்புத்தாள் போட்டு வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, பல் வைத்த வாஷரோடு இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். வாஸ்லின் இறுக்கிய பிறகுதான். பச்சை பூத்த வயரை நல்ல செம்பு தெரியும் இடம்வரை வெட்டுங்கள். சில நேரம் ஒரு சாண் நீளம் வெட்ட வேண்டி வரும். கை கூசாமல் வெட்டுங்கள், பச்சையின் மேல் ஈயம் ஒட்டாது. அதே தடிமன் உள்ள புது வயரை இணைத்து, சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவைப் போடுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றி விடுவது டிக்கியின் ஈரத்தில் இரண்டு குளிர்காலம்கூடத் தாங்காது. ஸ்காட்ச்லாக் எத்தனை கண்ணில் பட்டாலும் அத்தனையையும் எடுத்துவிட்டு ஒழுங்காக இணையுங்கள். ஹோல்டருக்குள் தகடுகளைச் சுரண்டிவிட்டு, ஸ்பிரிங் அழுத்தினால் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். திரும்பாத ஸ்பிரிங் இருந்தால் ஹோல்டரையே மாற்றிவிடுவது மேல்.

விளக்கின் சிவப்புக் கண்ணாடியைக் கழற்ற வேண்டி வந்தால் அவசரப்படாதீர்கள். பழைய பிளாஸ்டிக், குளிரில் திருகு இருக்கும் இடத்தில் விண்டுவிடும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் வைத்திருக்கும் வடிவம் அந்த விளக்கு. வெயில் அடிக்கும் நேரத்தில், அல்லது ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டிய பிறகு, கேஸ்கெட்டைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்து எடுங்கள். இரண்டு மூன்று தடவை இந்த விளக்குக்கு மாற்று தேடி அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இனிப் பேட்டரி விஷயம். இங்கேதான் நான் கவனமாகப் பேச வேண்டும். இந்த காரில் பிரேக் லைட் சாவி இல்லாமலே எரியும், ஸ்டாப் ஃபியூசுக்கு எந்நேரமும் கரண்ட் உண்டு. பெடல் மேலே திரும்பிய பிறகும் சுவிட்ச் அணையாமல் நின்றுவிட்டால், இரவு முழுதும் மூன்று விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 60 வாட், அதாவது 5 ஆம்பியர். உங்கள் பேட்டரி 30 ஆம்பியர் மணி அளவுள்ள சிறிய ரகம். ஆறு மணி நேரத்தில் காலி. இரண்டு நாள் மட்டும் நடந்தது, மற்ற நாள் நடக்கவில்லை என்பதும் ஒட்டிப்பிடிக்கும் சுவிட்சின் குணத்தோடு பொருந்துகிறது. ஆனால் பழைய அலாரமும் இதைச் செய்யும், வயதான பேட்டரி தானாகவும் படுக்கும். அதனால் புதுச் சுவிட்சை மாட்டும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். நான்கைந்து இரவு, காரைப் பூட்டிப் பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பின்பக்கச் சுவரைப் பாருங்கள், சிவப்பு விழுகிறதா என்று. விழுந்தால் பெடலைக் கால்விரலால் மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள், அணைந்தால் சுவிட்சோ பெடலோதான். விழவே இல்லையென்றால் ஆம்பியர் மீட்டரைப் பேட்டரி நெகட்டிவ் வழியில் மாட்டி, தூங்கும் காரில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் நின்றால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எதை எடுத்ததும் குறைகிறதோ அந்த வழியில் தேட வேண்டும்.

சுவிட்ச்தான் என்று தெரிந்தால், பெடலுக்கு மேலே பிராக்கெட்டில் மரை உள்ள உடம்போடு, லாக்நட் போட்டு நிற்கும். பெடல் மேலே வந்து அதன் முளையை அழுத்தும்போது விளக்கு அணையும், மிதித்தால் முளை வெளியே வந்து விளக்கு எரியும். முளை பெடலைத் தொடும் இடத்தைக் கண்ணால் பாருங்கள். அந்தக் காலத்து ஜப்பானிய கார்கள் பலவற்றில், குறிப்பாக ஹோண்டாக்களில், பெடல் கையில் உள்ள துளையில் சின்ன பிளாஸ்டிக் பொத்தான் ஒன்று இருக்கும். அது வயதாகிப் பொடிந்து விழுந்தால் முளை துளைக்குள் போய்விடும், விளக்கு அணையவே அணையாது. கால் மிதிக்கும் பாயில் கலர் பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தால் சுவிட்ச் மேல் பழி போடாமல் பெடலைப் பார்க்க வேண்டும்.

சுவிட்சை மாட்டும்போது ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள், இது உயிர் சம்பந்தப்பட்டது. விளக்கு நன்றாக அணைய வேண்டும் என்று சுவிட்சைப் பெடலை நோக்கி அதிகமாகத் திருகினால், அது பெடலையே கீழே அழுத்திக்கொண்டு நிற்கும். பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் முழுதாகத் திரும்பாது, ஆயில் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். ஓட ஓட பிரேக் தானாகப் பிடித்து, சூடேறி, மேலும் இறுகும். சுவிட்ச் பெடலைத் தொடும்வரை திருகி, அதற்கு மேல் அரைச் சுற்று. லாக்நட்டை இறுக்கிவிட்டு, பெடலைக் கையால் அழுத்தினால் எதிர்ப்பு வருவதற்கு முன் சில மில்லிமீட்டர் தளர்வு இருக்கிறதா என்று பார்ப்பேன். அந்தத் தளர்வு இல்லாத காரை நான் வெளியே விடமாட்டேன். உங்களுக்கு இதில் கொஞ்சமும் சந்தேகம் இருந்தால், வயரிங்கை நீங்களே பாருங்கள், சுவிட்சை மட்டும் பிரேக் வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

எல்இடி பல்பு போடலாமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். எல்இடி சட்டென்று எரியும். இழை பல்பு முழு வெளிச்சத்துக்கு வர ஏறக்குறைய 0.2 விநாடி கூடுதலாகும். மணிக்கு 70 மைலில் வரும் காருக்கு அது 6 மீட்டர் தூரம், உண்மையான லாபம்தான். ஆனால் இந்த விளக்கின் உட்புறம் இழை நிற்கும் இடத்தைக் கணக்கிட்டு வடிவமைத்தது. மலிவான எல்இடி பல நேரம் நடுவில் பொட்டு மாதிரி எரிந்து மற்ற இடத்தை இருட்டாக விட்டுவிடும், பார்க்கிங்குக்கும் பிரேக்குக்கும் வித்தியாசமே தெரியாது. தவிர, குறைந்த கரண்டில் எரிவதால் கெட்ட எர்த்தையும் மறைத்துவிடும். ஆறு மாதம் கழித்து இண்டிகேட்டர் வழியாக அதே கோளாறு தலைகாட்டும். எம்ஓடிக்கு இழை பல்போடு போவது நல்லது என்பது என் எண்ணம்.

வயரிங் செட் மாற்றச் சொன்ன கராஜ்காரரைப் பற்றி நான் தவறாகப் பேசவில்லை. டிக்கியைத் திறந்தபோது பத்து இடத்தில் பச்சை பூத்திருந்ததை அவர் பார்த்திருக்கலாம். அப்படி இருந்தால் அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. "எந்த வயரில், எந்த இடத்தில், எத்தனை வோல்ட் விழுகிறது?" என்று கேளுங்கள். பதில் வந்தால் அவர் சோதித்திருக்கிறார். எனக்கு வந்த இதே மாதிரி யூனோஸ்களில் பெரும்பாலும் ஒரு திருகும் ஒரு சாண் வயருமே செலவாகியிருக்கின்றன. எம்ஓடியைப் பொறுத்தவரை, ஒரு பிரேக் விளக்கு ஒழுங்காக எரியாவிட்டாலும் தேறாது. ஒரு விளக்கைப் போட்டால் இன்னொன்று பாதிக்கப்படுகிறதா என்பதையும் பார்ப்பார்கள், உங்கள் கார் இப்போது அதில் மாட்டும். அதுவரை இரவிலும் மழையிலும் மோட்டார்வேயிலும் எடுக்காதீர்கள். ஒரு பக்கம் எரிகிறதே என்று இருக்காதீர்கள். பார்க்கிங் லைட் போட்ட நேரத்தில், நீங்கள் பிரேக் மிதிக்கும்போது இடப்பக்கம் அணைகிறது என்றால், பின்னால் வருபவருக்கு நீங்கள் இடப்பக்க விளக்கை அணைத்துக் காட்டுகிறீர்கள்.

நான் சொன்னதெல்லாம் இந்த முதல் தலைமுறைக்கும், கம்ப்யூட்டர் நடுவில் வராத அந்தக் காலத்துக் கார்களுக்கும்தான். 2005 இல் வந்த மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு 21 வாட் டெஸ்ட் லேம்ப்பைக் கண்ட கண்ட வயரில் வைக்க வேண்டாம், கண்ட்ரோல் யூனிட் கெட்டுவிடும். உங்கள் காருக்கு அந்தப் பயம் இல்லை. முதலில் அந்தச் சுவர்ச் சோதனையைச் செய்துவிட்டு, பிரேக்கை மிதித்ததும் இடப்பக்கம் அணைந்ததா, இண்டிகேட்டர் போட்டால் சிவப்பும் துடித்ததா என்று இரண்டு வரி எழுதுங்கள். டிக்கித் துணியை விலக்கி இடப்பக்க மூலையைப் படமும் எடுத்துப் போட்டால், எந்தத் திருகில் இருந்து தொடங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.